கூட்டத்தைக் கூட்டிச் சொல்லாத எங்கள் சைபர் அக்காவுக்கு

செய்தி அறையின் சிங்கமே! சிவப்பு மையின் செல்வமே! ஆயிரத்தை லட்சமாக்கி ஆரவாரத்தோடு ஓடிவந்த அத்தனை நிருபர்களையும் அரைப்பார்வையில் அடக்கி ஆண்ட அஞ்சா நெஞ்சமே! நம் நாளிதழின் செய்தி ஆசிரியராக முப்பது ஆண்டுகள் நின்று நிலைத்து, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் சைபர் அக்காவே! வணக்கம், வணக்கம், மீண்டும் வணக்கம்!

இந்த மடலை உங்களுக்குத் தெரியாமல் எழுதி, மேடையில் வாசித்து, உங்களைத் திக்குமுக்காட வைப்பதாகத்தான் திட்டம். ஆனால் எதை எழுதினாலும் கொண்டுபோய் உங்கள் மேசையில் வைத்துவிடுவது இங்கே எல்லோர் கைக்கும் பழகிப்போன காரியம். முதல் வரைவையும் அப்படியே வைத்துத் தொலைத்துவிட்டோம். மதியம் அது திருத்தப்பட்டுத் திரும்பி வந்தது. "கோடானுகோடி உள்ளங்களில் கொலுவீற்றிருக்கும்" என்ற வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் "யார் எண்ணியது?" என்று கேட்டிருந்தீர்கள். "உலகமே வியக்கும்" என்பது "அலுவலகம் அறிந்த" என்று ஆகியிருந்தது. சிங்கத்தை மட்டும் தொடவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி.

நீங்கள் வருமுன் நம் இதழில் நடந்த கூத்து கொஞ்சமா நஞ்சமா! பொதுக்கூட்டம் என்றால் கட்சிக்காரர் ஓர் எண்ணைச் சொல்வார். நிருபர் மரியாதைக்குக் கொஞ்சம் சேர்ப்பார். தலைப்பு எழுதுபவர் தம் பங்கைக் கூட்டுவார். பக்கம் அச்சேறும்போது ஊரின் மொத்த ஜனத்தொகையும், தொட்டில் குழந்தை உட்பட, ஒரே மைதானத்தில் வெயிலில் நிற்கும். ஒருமுறை ஆளுங்கட்சிக் கூட்டத்துக்கும் எதிர்க்கட்சிக் கூட்டத்துக்கும் பழைய படம் ஒன்றையே போட்டுவிட்டோம். முன்வரிசையில் குடை பிடித்த அதே மொட்டைத்தலைக்காரர் ஒரே வாரத்தில் இரண்டு தலைவர்களுக்கும் கைதட்டினார். அப்போது வாசகர்கள் நம்மைக் கிழித்த கிழியில்தான் முதலாளி உங்களைத் தேடிப்பிடித்து இந்த நாற்காலியில் உட்கார வைத்தார்.

வந்தீர்கள், வழக்கத்தை மாற்றினீர்கள்! கூட்டச் செய்தியில் எண்ணுக்குரிய இடத்தைக் காலியாக விடவேண்டும் என்றீர்கள். மற்ற வரிகளெல்லாம் அச்சுக்குத் தயாராகிக் காத்திருக்க, அந்தக் காலியிடம் மட்டும் புகைப்படக்காரர் வரும்வரை வாய் பிளந்துகொண்டிருக்கும். மேடையோரம் நின்று முன்வரிசையை நெருக்கி எடுத்த படம் உங்களிடம் செல்லாது. மைதானத்தின் கடைசி மூலையிலிருந்து, உயரத்தில் ஏறி எடுத்த படம்தான் வேண்டும். நிருபரை எதிரில் உட்கார வைத்து, கோபமே இல்லாமல், "இவ்வளவு பேரும் எங்கப்பா நின்னாங்க, காட்டு" என்பீர்கள். அவர் படத்தில் விரலை வைத்துத் தேடத் தேட, எண்ணின் வாலிலிருந்து ஒரு சைபர் கழன்று விழும். அப்படித்தான் அந்தப் பட்டப்பெயர் வந்தது. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். ஒருநாள் நீங்களே தொலைபேசியை எடுத்து "சைபர் பேசறேன்" என்றபோது எங்களுக்கு மானம் போயிற்று.

சிரித்தது போதும், அக்கா. இனி வாசிக்கப்போவது நீங்கள் திருத்திய வரைவில் இல்லை.

உங்கள் தம்பி அப்போது ஒரு கட்சியின் நகரச் செயலாளர். அவர்கள் தலைவர் பேச வந்த கூட்டத்தைக் கூட்டும் பொறுப்பு அவருடையது. மற்ற இதழ்கள் எதையும் எழுதும், உன் அக்கா இருக்கும் இதழ் லட்சம் என்று சொல்லட்டும், தேர்தலில் நீதான் வேட்பாளர் என்று மேலிடம் சொல்லியிருந்தது. அன்று மாலை அவர் இந்தச் செய்தி அறைக்கே வந்துவிட்டார். காலியிடம் உங்கள் முன்னே. தம்பி உங்கள் பக்கத்தில். நாங்கள் எல்லோரும் கையில் இருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஒரு சைபர்தானேக்கா. போட்டா உனக்கு என்ன கொறஞ்சிடப் போகுது?"

"அந்த சைபருக்குள்ள ஒரு ஆள்கூட இல்லையேடா."

மறுநாள் ஊரிலிருந்த இதழ்களெல்லாம் மக்கள் கடல் என்று முழங்கின. மைதானம் பாதி காலி என்று நாம் மட்டும் சொன்னோம். வேறொருவர் வேட்பாளர் ஆனார். தம்பி உங்களோடு பேச்சை நிறுத்தினார். உங்கள் மகள் திருமணத்துக்கும் வரவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அவர் பிறந்தநாளன்று அவரை அழைப்பீர்கள். மணி அடித்து ஓயும்வரை காத்திருந்து, "வேலையா இருப்பான்" என்று எங்களிடம் சொல்லிவிட்டு, அடுத்த செய்தியைக் கையில் எடுப்பீர்கள். முப்பது ஆண்டுகளில் நீங்கள் சொல்லி நாங்கள் கேட்ட ஒரே பொய் அதுதான். பெருமையில் எங்கள் எல்லோருக்கும் பங்கு இருந்தது. அந்த வலியை மட்டும் நீங்கள் தனியே வைத்துக்கொண்டீர்கள்.

ஆகவே உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தோம். அன்று தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி அந்தப் பாதி காலி மைதானத்தைப் படமெடுத்த நம் புகைப்படக்காரரே, அழைப்பிதழோடு தம்பியின் இரும்புக்கடைக்குப் போனார். தம்பி அதை வாங்கிப் படித்தாராம். பிறகு, கூட்டம் எவ்வளவு வரும் என்று மட்டும் கேட்டாராம். பாதி அரங்கம் நிறைந்தால் பெரிது என்று இவர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுத் தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். "எங்க அக்காகிட்ட வேலை பாத்தவன்தான்யா நீ" என்றாராம். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நீதி தவறாத நெஞ்சே! நிறுத்தி நிதானித்து நிஜத்தை எழுதிய எழுதுகோலே! நூறாண்டு வாழ்க என்று எழுதினால் ஆதாரம் கேட்பீர்கள். எனவே, கண்ணும் காலும் உங்கள் சொல்பேச்சுக் கேட்க, காலை இதழைக் கையில் பேனா இல்லாமல் படிக்கும் சுகம் உங்களுக்கு நெடுங்காலம் கிடைக்க, பேத்தியோடு விளையாடும்போதாவது அவள் சொல்லும் எண்ணை அப்படியே நம்பிவிட, மனமார வாழ்த்துகிறோம்! உங்கள் நாற்காலியில் இனி யார் அமர்ந்தாலும், எண்ணுக்குரிய இடம் உண்மை வரும்வரை காலியாகவே காத்திருக்கும். இது எங்கள் வாக்கு.

உங்கள் வழக்கப்படி இம்மடலிலும், விழாவுக்கு வந்தோர் எவ்வளவு என்பதற்கு இடம் விட்டுத்தான் அச்சடித்தோம். சற்றுமுன் மேடையோரம் நின்று, அரங்கத்தின் கடைசி மூலைவரை பார்த்துவிட்டு, அதைக் கையால் எழுதி நிரப்பினோம். எழுதியது இதுதான்: அரங்கில் பாதி நாற்காலிகள் காலி. நாளைய இதழிலும் இப்படியே வரும். கடைசி வரிசையில், கதவை ஒட்டி, அழைப்பிதழை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நிமிர்ந்து பாருங்கள், அக்கா. உங்கள் தம்பி வந்திருக்கிறார்.

என்றும் உங்கள் திருத்தத்துக்குக் காத்திருக்கும்,
செய்தி அறைத் தோழர்கள்