மூன்றாம் மாடித் தடுப்புக் கம்பி

வெள்ளைக் கட்டைகளை வெயிலில் வைக்கக் கூடாது. மஞ்சளாகிவிடும். ஒருமுறை மஞ்சளானால் எந்தச் சோப்புக்கும் மசியாது. என் மாடலை உங்கள் ஆட்கள் ஜன்னலை ஒட்டி வைத்திருப்பதைப் பார்த்தேன். கொஞ்சம் உள்ளே தள்ளி வைக்கச் சொல்லுங்கள். மற்றதையெல்லாம் நானே வரிசையாக எழுதித் தருகிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் இல்லை நான்.

பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகளை வைத்து ஒரு வளர்ந்த மனிதன் என்ன செய்கிறான் என்று நீங்கள் கேட்டீர்கள். அலுவலகத்திலும் கேட்பார்கள். "சார் இன்னும் பால்குடி மறக்கலையா" என்பார் பக்கத்து மேசைக்காரர். அவருக்கு வித்தியாசம் தெரியாது. பெட்டியில் வரும் வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்து, அது சொன்ன இடத்தில் சொன்ன கட்டையை வைப்பது ஒரு ரகம். அது சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும் கிளிப்பிள்ளை வேலை. நான் அதைச் செய்வதில்லை. என் மாடல்கள் எல்லாம் என் சொந்த வடிவமைப்பு. பசை போட மாட்டேன், கட்டையை அறுக்க மாட்டேன், பெயிண்ட் அடிக்க மாட்டேன். முக்கியமாக, அடுத்தவர் யோசனையை எடுத்துக்கொள்ள மாட்டேன்.

என் உத்தியோகமும் இதற்கு ஒத்துவருவதுதான். புதிதாக எழும்பும் வீடுகள், அனுமதி வாங்கிய வரைபடத்தின்படி இருக்கின்றனவா என்று நேரில் போய்ப் பார்ப்பது. வரைபடத்தில் இல்லாத ஒரு பால்கனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், பால்கனியை இடிக்கச் சொல்வோம். வரைபடத்தைத் திருத்துங்கள் என்று வீட்டுக்காரர் அழுவார், கெஞ்சுவார். ஒப்புக்கொண்டால் அப்புறம் வரைபடம் எதற்கு? இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எங்கள் கட்டைச் சங்கத்தின் இந்த வருடக் கண்காட்சிக்கு, அவரவர் குடியிருக்கும் கட்டடத்தை மாடலாகச் செய்ய வேண்டும் என்று அறிவித்தார்கள். நடுவர்கள் வீடு வீடாக வந்து, மாடலையும் அசலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். கரும்பு தின்னக் கூலியா? நாங்கள் இருப்பது நான்கு மாடிக் கட்டடம், அதில் மூன்றாம் மாடி. முன்பக்கம் யார் வேண்டுமானாலும் கட்டலாம். பின்பக்கம் இரும்புப் படிக்கட்டு ஒன்று வளைந்து வளைந்து மேலே போகிறது, ஒவ்வொரு மாடியின் பின்கதவுக்கு வெளியேயும் ஆள் நிற்கிற அளவு மேடையுடன். அதில்தான் என் திறமை இருக்கிறது.

ஒரு விடுமுறை நாளில் பின்பக்கத்தை ஒரு அங்குலம் விடாமல் படம் எடுத்தேன். அன்று பெயிண்டர் வேலை செய்துகொண்டிருந்தார். மூன்றாம் மாடி மேடையின் தடுப்புக் கம்பியைப் போல்ட் கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்திருந்தார். நான் கண்டதைக் கண்டபடி கட்டினேன். மேடை திறந்திருந்தது, சுவரில் கம்பி சாய்ந்திருந்தது, பக்கத்தில் பெயிண்ட் வாளி. சாயங்காலம் பெயிண்டர் கம்பியைத் திரும்ப மாட்டிவிட்டுப் போய்விட்டார். என்னிடம் சொல்லவில்லை.

ஆகவே தவறு என்னுடையது அல்ல. கட்டடம்தான் மாறியது.

இப்போது என் மச்சினனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் ஒரே தம்பி. வேலை தேடி, இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தான். எங்கள் சோபாவின் நடுப்பகுதி அவன் உருவத்துக்குப் பள்ளமாகிற வரை இருந்தான். நல்ல பையன். வாய் ஓயாமல் சிரிப்பான். அவன் வந்த பிறகு என் மனைவியும் சிரிக்க ஆரம்பித்தாள். நான் அறையில் கட்டைகளைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது சமையலறையிலிருந்து சத்தம் கேட்கும். எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று எட்டிப் பார்த்துக் கேட்டால், "ஒண்ணுமில்லைங்க" என்பாள். எனக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை.

ஒரு நாள் அவன், நான் ஒதுக்கிவைத்த உதிரிக் கட்டைகளை எடுத்துத் தரையில் உட்கார்ந்து ஒரு வாத்து செய்தான். பச்சைத் தலை, ஆரஞ்சு மூக்கு. சிறகுக்கு என்னுடைய சாம்பல் நிற வேலித் துண்டுகள் இரண்டு. வாலை அழுத்தினால் தலையாட்டும். என் மாடலைச் சங்கத்தில் காட்டக் கொண்டுபோனபோது, அதையும் எடுத்துவந்து பக்கத்தில் வைத்தான். எங்கள் செயலாளர் ஒரு பல் டாக்டர். அவர் வாலை அழுத்தினார், சிரித்தார், எல்லோரையும் கூப்பிட்டு அழுத்தச் சொன்னார். என் படிக்கட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நானும் ஒரு முறை அழுத்தினேன். நன்றாகவே வேலை செய்தது.

அப்போதுதான் மச்சினன் என் மாடலைக் குனிந்து பார்த்தான்.

"மச்சான், மூணாவது மாடியில கம்பிய விட்டுட்டீங்களே. தினம் காலையில நான் டீயோட சாயுற இடமாச்சே அது. உங்க பில்டிங்ல சாஞ்சா நேரா கீழதான் போவேன் போல."

எல்லோரும் சிரித்தார்கள். பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று யாரோ சொன்னார்கள். அன்று கம்பி மாட்டப்படாமல் இருந்ததை விளக்கினேன். காதில் வாங்க ஆளில்லை.

"நடுவருங்க இன்னிக்கி இருக்குற கட்டடத்தத்தான் பாப்பாங்க, சார்" என்றார் டாக்டர். "ஒரு கம்பிதானே, மாட்டிடுங்களேன்."

மாட்ட முடியாது என்றேன். மூன்றாம் மாடியைத் தொட வேண்டுமானால் நான்காம் மாடியை எடுக்க வேண்டும், அதற்குக் கூரையை எடுக்க வேண்டும், கூரையைத் தொட்டால் மொத்தமும் ஆட்டம் காணும். மாதக்கணக்கான உழைப்பு.

"எதுக்கு மச்சான் பிரிக்கணும்? மேல இருந்து ஒத்த விரல விட்டாப் போதும். என் வாத்தோட சிறகு ஒண்ணக் கழட்டித் தரேன், அளவு கச்சிதமா இருக்கும். வாத்து ஒத்தச் சிறகோட சமாளிச்சிக்கும்."

அவனுக்குக் கட்டமைப்பு பற்றி ஒன்றும் தெரியாது. சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அன்று வீடு திரும்பும்போது வாத்தை அவன்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். என் மனைவி வாசலிலேயே அதன் வாலை அழுத்தினாள்.

மாடல் சரி, கட்டடம் தவறு என்றால் எதைத் திருத்துவது என்பது என் துறையில் புதுமுகத்துக்குக்கூடத் தெரியும். நடுவர்கள் வருவதாக இருந்த நாள் அதிகாலையில் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். பெயிண்டர் கிரீஸ் போட்டிருந்ததால் போல்ட்டுகள் சுலபமாக வந்தன. கம்பியை எடுத்துச் சுவரில் சாய்த்துவைப்பதுதான் என் திட்டம். ஆனால் அது கனமான கம்பி. என் ஒருவனால் தூக்க முடியவில்லை. கனமான வேலைக்கெல்லாம் வீட்டில் மச்சினன்தான் கைகொடுப்பான், அவனோ தூங்கிக்கொண்டிருந்தான். தூங்குகிறவனை எழுப்புவது எனக்குப் பிடிக்காது. போல்ட் இல்லாமலேயே கம்பி இரண்டு தூண்களுக்கும் நடுவே, பெயிண்ட் ஒட்டிய பிடியில் அப்படியே நின்றது. பார்ப்பதற்கு எப்போதும் போலவே இருந்தது. உள்ளே வந்துவிட்டேன்.

போல்ட்டுகளை நீளவாரியாகப் பிரித்து டப்பாவில் போட்டேன். உங்கள் ஆட்கள் அவற்றை உடனே கண்டுபிடித்தார்கள் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. என் டப்பாக்களில் எதையும் யாரும் உடனே கண்டுபிடிக்கலாம்.

பிறகு பல் துலக்கினேன். என் மனைவி டீ போட்டுத் தம்பியை எழுப்பினாள். அவன் கப்பை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டித்தான் போனான்.

"வரீங்களா மச்சான்? காத்து நல்லா வருது."

நான் ஏன் எச்சரிக்கவில்லை என்று நேற்று இரண்டு மூன்று முறை கேட்டீர்கள். சொல்லத்தான் நினைத்தேன். வாயில் பிரஷ் இருந்தது. அவசரமாகப் பல் துலக்கினால் ஈறு கெட்டுவிடும் என்று எங்கள் டாக்டர் அடிக்கடி சொல்வார். நான் நிதானமாகத் துலக்கி, நன்றாகக் கொப்பளித்து முடித்தபோது பின்கதவு திறந்திருந்தது. முதலில் கம்பி விழுந்த சத்தம். கப் உடைந்த சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது. என் மனைவி "தம்பி" என்று ஒரே ஒரு தரம் கூப்பிட்டாள். வழக்கமாக அவனைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில்தான்.

மேடைக்கு வந்து பார்த்தேன். கம்பி கீழே போயிருந்தது. மேடை திறந்திருந்தது. மாடலில் இருப்பதற்கு, சுவரில் சாய்ந்த கம்பியும் வாளியும்தான் குறை.

எனக்கு வருத்தம் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். நிறைய வருத்தம். துக்கத்தை முன்னிட்டுக் கண்காட்சியைத் தள்ளிவைத்தார்கள். என் மனைவி என்னோடு பேசுவதில்லை. தம்பியின் சட்டையை மடித்து மடித்துப் பிரிக்கிறாள். வீட்டில் சிரிப்புச் சத்தம் இல்லை. கட்டைகளைப் பிரிப்பதற்கு நல்ல அமைதி, ஆனால் பழகவில்லை. போல்ட்டுகளைக் கழற்றியவன் நான்தான். அவன் எங்கே சாய்வான் என்று எனக்குத் தெரியும். கம்பி நிற்காது என்றும் தெரியும். இதற்கு மேல் தெளிவாக எழுதத் தெரியவில்லை, இதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. மாடலைத் திருத்த வழியில்லாமல்தான் அசலைத் திருத்தினேன்.

கடைசியாக ஒன்று. நீங்கள் என்னை அழைத்துவருவதற்கு முந்திய நாள், வீட்டுச் சொந்தக்காரர் மூன்றாம் மாடியில் புதுக் கம்பி வைத்து, இனி யாரும் கழற்ற முடியாதபடி வெல்டிங் செய்துவிட்டார். ஆக அசல் மறுபடியும் மாறிவிட்டது. தள்ளிவைத்த கண்காட்சி நடக்கத்தானே போகிறது. மாடலில் சுவரில் சாய்த்திருந்த கம்பியையும் வாளியையும் எடுத்துவிட்டேன், அந்தக் கம்பி சாய்ந்து நிற்க மட்டும் செய்தது, தூணில் பொருந்தாது. வேலித் துண்டு என் டப்பாக்களில் இல்லை. அன்று ராத்திரியே வாத்திடமிருந்து ஒரு சிறகை எடுத்துக்கொண்டேன். மேலிருந்து ஒற்றை விரலை விட்டு அழுத்தினேன், கிளிக் என்று உட்கார்ந்துவிட்டது. நான்காம் மாடியைத் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை. வாத்தும் ஒற்றைச் சிறகோடு நன்றாகத்தான் நிற்கிறது. வாலை அழுத்திப் பார்த்தேன், தலையாட்டியது.

மாடலுக்கான குறிப்பில் இதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தக் கம்பியைப் பொருத்திய முறை யாரும் சொல்லித் தந்தது அல்ல. என் சொந்த வடிவமைப்பு.