ஜாமீன் வீடு

ஸ்டேஷன் டீயில் சர்க்கரை ஜாஸ்தி, சார். எனக்கு சுகர் இருக்கிறது. இருந்தாலும் நீங்கள் மரியாதையாகக் கொடுத்ததால் குடித்துவிட்டேன். நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

நான் ஏசுராஜ். வேலூர் லாங் பஜாரில், ஒரு மாடியில் ஃபைனான்ஸ் கம்பெனி நடத்தினேன். ஆம்பூரில் என் மனைவி பெயரில் ஒரு தோல் பதனிடும் ஷெட். கம்பெனியில் சேர்ந்த டெபாசிட் பணத்தை ஷெட்டுக்குக் கடனாகக் கொடுத்தோம். இதைத்தான் பெரிய குற்றம் என்கிறீர்கள். ஊர் பேர் தெரியாதவனுக்குக் கொடுப்பதைவிட எனக்கே கொடுப்பது பத்திரம் என்று நினைத்தேன். முறையும் தவறவில்லை. ஷெட் கடன் பேச்சு வந்தால் நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவேன். உள்ளே மற்ற இரண்டு டைரக்டர்கள் முடிவு செய்வார்கள். ஒருவர் கோதண்டபாணி, என்னிடம் சம்பளம் வாங்கியவர். இன்னொருவர் ஜெபகனி அக்கா.

அக்கா முப்பத்திரண்டு வருடம் நர்ஸ் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சர்ச்சில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவர் பெயர் எங்கள் போர்டில் ஏறிய பிறகுதான் நர்ஸம்மாக்கள் எல்லாம் டெபாசிட் போட்டார்கள். அவருக்கென்று இருந்தது சத்துவாச்சாரியில் ஒரு வீடு, அவ்வளவுதான்.

தொண்ணூற்றாறில், கழிவுநீரைச் சுத்தம் செய்யாத ஷெட்டுகளை மூடச் சொல்லி கோர்ட் உத்தரவு வந்தது. என்னுடையதும் மூடியது. அடுத்த வருடம் மூன்றாவது கடன் கேட்டேன். ஈடு இல்லாமல் முடியாது என்று அக்கா சொல்லிவிட்டார். அவர் வீட்டுக்கே போனேன்.

"நூத்திநாப்பது பேர் வீட்ல அடுப்பு எரியலக்கா. இந்த ஒரு கடன் கெடச்சா ஷெட்ட தொறந்துடுவேன்."

"நெசமா தொறந்துடுவியா ஏசு?"

"கிறிஸ்மஸுக்குள்ள தொறந்துடும்கா."

அவர் அழுதுவிட்டார். மறுநாள் வீட்டுப் பத்திரத்தைத் துணிப்பையில் கொண்டுவந்து என் கடனுக்கு ஜாமீனாக வைத்தார். அன்றும் நான் வராந்தாவில்தான் நின்றேன். ஷெட்டிலிருந்த டிரம், மோட்டார் எல்லாவற்றையும் முந்தின மாதமே மேல்விஷாரத்து வியாபாரி ஒருவருக்கு விற்றுவிட்டிருந்தேன். அதைச் சொல்லியிருந்தால் பாவம், இன்னும் அழுதிருப்பார்.

தவணை நின்றது. கம்பெனி சார்பில் ஷெட்டுக்கு நோட்டீஸ் அனுப்பினேன். ஷெட் சார்பில் கையெழுத்துப் போட்டு வாங்கியதும் நான்தான். கட்ட வழியில்லை என்று பதில் எழுதினேன். அதைப் படித்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் டெபாசிட்காரர்கள் நலனையும் பார்க்க வேண்டுமே. ஜாமீன் வீட்டை விற்றோம், என் மச்சான் வாங்கினான். அடிமாட்டு விலை என்று ஊரில் பேசினார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன? அவனுக்குப் பணம் ஏது என்று கேட்டீர்கள். அந்த மூன்றாவது கடன் பாங்கில் அப்படியே கிடந்தது, அதை எடுத்துக் கொடுத்தேன்.

ஆறே மாதத்தில் கம்பெனியும் மூடியது. நர்ஸுகள் என்னைத் தேடி வரவில்லை, அக்காவிடம்தான் போனார்கள். மெர்சி என்ற பெண் மகளின் கல்யாணப் பணத்தைப் போட்டிருந்தாள். "உங்க மூஞ்சிக்காகத்தானே சிஸ்டர் போட்டேன்" என்று சர்ச் வாசலில் வைத்துக் கேட்டாள். அன்றிலிருந்து அக்கா பென்ஷனில் மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்துவருகிறார். அவர் ஆயுசுக்கும் அது தீராது. நானே சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

போக்கிடம் இல்லாதவரை நான் தெருவில் விடவில்லை, சார். இதையும் எழுதிவிடுகிறேன். அந்த வீட்டின் முன்பக்கத்தில் நாங்கள் குடிவந்தோம். பின்பக்கத்து அறையை அவருக்கே விட்டோம். என்னோடு பேச்சு இல்லை. மாதம் பிறந்தால் வாடகையைக் கவரில் போட்டு என் மனைவியிடம் நீட்டுகிறார். இரண்டு தடவை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். மூன்றாவது மாதத்திலிருந்து வாங்கிக்கொள்கிறேன். ரோஷமுள்ள மனுஷி, அவர் மனசு நோகக் கூடாது பாருங்கள்.