பன்னெண்டு வார்த்தை

— ஆப்பு தொறந்துடுச்சுங்கறீங்க. எங்க வூட்டுக்காரரு போட்ட வீடியோவும் வருது. அந்த வீடியோவுக்குச் சேந்த காசு மட்டும் ஏங்கண்ணா வரல?

— அந்த பிட்காயின் பர்ஸுக்குத் தனியா பன்னெண்டு வார்த்தை கேக்குது, ஜெயபிரியா. பழைய போனு இருந்தா கேக்காது. அதுதான் தொப்பூர் ஆக்ஸிடெண்டுல அவன் லாரியோட சேந்து நசுங்கிடுச்சே.

— என்ன வார்த்தைங்க?

— சாவி மாதிரி. வரிசையாச் சொன்னாத்தான் தொறக்கும்.

— செல்போன் கடை வச்சிருக்கறீங்க, உங்களுக்கே தொறக்கத் தெரியாதா?

— எவனுக்கும் தெரியாதும்மா.

— கம்பெனியக் கேக்கலாமில்ல? அவரு போயிட்டதுக்கு சர்டிபிகேட் இருக்கு, வாரிசு சர்டிபிகேட்டும் வாங்கிட்டேன்.

— அவன்கிட்ட சாவியே இல்ல. அதுல ரெண்டு வழி. ஒன்னு, சாவிய கம்பெனிக்காரனே வச்சுக்குவான். அப்படின்னா இன்னிக்கு நீ கேட்டு வாங்கியிருக்கலாம். இன்னொன்னு, நாமளே வச்சுக்கறது. மாதேஸு எதுடா நல்லதுன்னு எங்கடைக்கு வந்துதான் கேட்டான்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— நம்ம சாவி நம்ம கையிலயே இருக்கட்டும்டான்னேன். முன்ன ஒரு ஆப்புக்காரன் என் காச முழுங்கிட்டு ஓடிட்டான்மா. அந்த வயித்தெரிச்சல்ல சொன்னேன்.

— எங்கியாச்சும் எழுதி வச்சிருப்பாரே?

— எழுதி வூட்ல வையிடான்னேன். எவனாவது பாத்துடுவான், மனப்பாடம் பண்ணிட்டேன்னான். நானும் கெட்டிக்காரன்டான்னு தட்டிக் குடுத்தேன். என்னச் செருப்பால அடிக்கணும்.

— பொண்ணு கலைமதி நர்சிங் சீட்டுக்குத் திங்கக்கெழமை கடைசி நாளுண்ணா. அவ படிக்கறதுக்குன்னுதான் அதுல கைய வைக்காம வச்சிருந்தாரு.

— தெரியும்மா. கடைசியா உன்கிட்ட ஒன்னுமே சொல்லலியா?

— என்னத்த சொல்றாரு! ஆஸ்பத்திரியில வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கன்னுட்டாங்க. ரெண்டு நாளா வாயி கொழறிக்கிட்டே கெடந்தாரு, ஒன்னும் வெளங்கல. மூணாம் நாள் காத்தால திடீர்னு என் கையப் புடிச்சுக்கிட்டு இங்கிலீசுல பினாத்தறாரு.

— இங்கிலீசுலயா? என்னன்னு?

— சம்பந்தமே இல்லாம. டைகர்ங்கறாரு, அம்பர்லாங்கறாரு. ஏண்ணா எந்திரிச்சிட்டீங்க?

— அப்பறம்? அப்பறம் என்ன சொன்னான்? நெதானமா யோசிச்சு சொல்லு தாயி.

— டைகர், அம்பர்லா, டிக்கெட், மேங்கோ. ஒவ்வொன்னா, வெரல மடக்கி மடக்கி.

— அது பினாத்தல் இல்ல ஜெயபிரியா. அதான் சாவி! மிச்சம் எட்டு? பன்னெண்டும் சொன்னானா?

— ஐயோ, கடவுளே!

— அழாத. அஞ்சாவது என்ன, அத மட்டும் சொல்லு.

— அஞ்சாவதுக்கு வாயத் தொறந்தாருண்ணா. உசுரு போகாம இழுத்துக்கிட்டுக் கெடக்குதே, நிம்மதியாப் போகட்டும்னு அத்த டம்ளர நீட்டுனாங்க. தொறந்த வாயில நாந்தான் பால ஊத்துனேன்.