கீழ்வீட்டில் ஒழுகிய தண்ணீரும் என் கணினியும்

நான் மேற்கண்ட முகவரியில் மாடி வீட்டில் மனைவியுடன் வசித்து வருகிறேன். வயது அறுபத்தொன்று. பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்துவிட்டதால் எனக்குப் பேச்சு இல்லை. காது நன்றாகக் கேட்கும். இன்று இரண்டாம் முறையாக என் வீட்டுக்கு வந்து விசாரித்த உதவி ஆய்வாளர் அவர்களிடம் கணினி வழியாக நான் கூறுவதாவது:

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சொல்ல வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டி வந்தேன். மனைவி மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிப்பதற்குள் சொல்ல வந்தது ஆறிப்போகும். நாளடைவில் எழுதுவதையும் குறைத்துக்கொண்டேன். அதைப் பார்த்த என் மனைவியின் அண்ணன் மகள், நாங்கள் பாப்பா என்று கூப்பிடுபவர், கணினி நிறுவனத்தில் வேலை செய்பவர், பேருந்து நிலையத்தில் இருந்த என் பழைய அறிவிப்புப் பதிவுகளைக் கேட்டு வாங்கி வந்தார். அவற்றைக் கொடுத்துப் பழக்கினால் நான் தட்டச்சு செய்வதைக் கணினி என் குரலிலேயே வாசிக்கும் என்றார். ஆனால் அந்த வேலையைத் தொடங்கினாலே எங்கள் கணினியின் பிராசசர் கொதித்து, கணினி தானாக அணைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அதன்பிறகு பாப்பா, "இதுக்கு வெறும் ஃபேன் பத்தாது மாமா, தண்ணியாலதான் குளிர வைக்கணும்" என்று சொல்லி ஒரு வாட்டர் கூலிங் கிட் வாங்கி வந்தார். பிராசசர் மேல் உட்காரும் பம்பு, இரண்டு ரப்பர் குழாய்கள், விசிறி வைத்த ரேடியேட்டர் எல்லாம் ஒன்றாகவே இணைந்திருந்தன. திரவத்தைத் தொழிற்சாலையிலேயே அடைத்து மூடியிருந்தார்கள். நாம் ஊற்ற வேண்டியது எதுவும் இல்லை. பொருத்தி ஓடவிட்டதில் கணினி முன்னைவிடச் சீக்கிரமாக அணைந்தது. கழற்றிப் பார்த்தபோது, பம்பின் அடியில் செப்புத் தகட்டை மூடியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியிருந்தது தெரிந்தது. "புதுச் சட்டையைக் கவரோட போட்டுக்கிட்ட மாதிரி" என்றார் மனைவி. மூவரும் சிரித்தோம். என் சிரிப்புக்குச் சத்தம் கிடையாது என்பது அப்போது எனக்கு நினைவில்லை. தாளை உரித்து, சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவி மாட்டிய பிறகு கணினி சூடேறாமல் ஓடியது.

கீழ்வீட்டுக்காரர் அண்மையில் குடிவந்தவர். படங்களுக்குச் சட்டம் போடுவது அவர் தொழில். என் மனைவி படிக்கட்டில் அவரைப் பார்த்து, "எங்க கம்ப்யூட்டர் இப்ப தண்ணியிலதான் ஓடுது" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அதன்பிறகு சில நாட்களில் அவர் வீட்டுக் கூரை ஒழுகி, ஒரு வாடிக்கையாளரின் கல்யாணப் படங்கள் நனைந்துவிட்டன. அவர் மேலே வந்து, மனைவி தடுத்தும் கேளாமல், கணினியின் பிளக்கைப் பிடுங்கினார். நான் சிலேட்டைத் தேடுவதற்குள் இறங்கிப் போய்விட்டார். பாதி பழகியிருந்த குரல் வீணாயிற்று. வந்த கோபத்தை எதில் காட்டுவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பாப்பா வந்து மறுபடி தொடங்கி வைத்தார். ஒழுகல் நிற்காததால் கீழ்வீட்டுக்காரர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்.

குரல் தயாரான அன்று பாப்பா, "முதல்ல என்ன சொல்லப் போறீங்க மாமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். யோசித்துக்கொண்டிருக்கும்போதே யாரோ கதவைத் தட்டினார்கள். நான் யோசனையை விட்டுவிட்டுத் தட்டச்சு செய்தேன். "யாரோ கதவைத் தட்டுறாங்க பாரு" என்றது கணினி. சமையலறையிலிருந்து, "இதோ போறேன், கத்தாதீங்க" என்று பதில் சொல்லிக்கொண்டே மனைவி போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தார். அப்படியே நின்றுவிட்டார். திரும்பி என்னைப் பார்த்தார். கதவு மறுபடி தட்டப்பட்ட பிறகே திறந்தார்.

வெளியே உதவி ஆய்வாளரும் கீழ்வீட்டுக்காரரும் நின்றிருந்தார்கள். குழாய்களைத் தொட்டுப் பார்க்கும்படி உதவி ஆய்வாளரைக் கேட்டுக்கொண்டேன். அவர் கணினிக்கு அடியிலும் கைவிட்டுத் தடவிப் பார்த்தார். ஈரம் இல்லை. "இதுல மொத்தமே ஒரு டம்ளர் அளவுதான் சார் இருக்கு. அது ஒழுகினா முதல்ல சாகிறது கம்ப்யூட்டர்தான். அப்புறம் இப்ப பேசுறது யாரு?" என்றேன். கீழ்வீட்டுக்காரர் என்னையும் கணினியையும் மாறி மாறிப் பார்த்து, "இது பஸ் ஸ்டாண்டுல கேட்ட குரலாச்சே" என்றார்.

அதன்பிறகு பிளம்பரை வரவழைத்ததில், எங்கள் குளியலறைச் சுவருக்குள் குழாய் இணைப்பு விட்டிருந்தது தெரிந்து, சரி செய்யப்பட்டது. நனைந்த படங்களை என் மனைவியும் கீழ்வீட்டுக்காரரும் எங்கள் கூடத்தில் விரித்துக் காயவைத்தார்கள். ஒன்றைத் தவிர எல்லாம் தேறிவிட்டன. அப்போது அவர், "பிளக்கைப் புடுங்கினது தப்புங்க" என்றார். "ஆமா, தப்புதான்" என்றேன். அதைச் சொன்னதும் என் கோபம் போய்விட்டது. அவர் பேரில் எனக்குப் புகார் எதுவும் இல்லை. அவரும் தம் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

எழுதியதை உதவி ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். கடைசியில் "நான் சொல்ல எழுதப்பட்டது" என்பதை "நான் தட்டச்சு செய்ய எழுதப்பட்டது" என்று திருத்தட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஆகவே மேலே உள்ளவை அனைத்தும் உண்மை, நான் சொல்ல எழுதப்பட்டவை.

(கையொப்பம்)