பிளக்கின் நிறம்

பகலில் தூங்குகிறவனுக்குத்தான் பக்கத்து வீட்டை நன்றாகத் தெரியும். தேங்காய் துருவுவது, குழாயைத் திறப்பது, எல்லாம் சுவர் வழியாக வந்துவிடும். எனக்குக் கோல சிலாங்கூரில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை. விடிந்த பிறகுதான் படுப்பேன்.

பக்கத்து வீட்டுச் சிவநேசன் அண்ணன் பள்ளி வேன் ஓட்டுபவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மத்தியானம்வரை வேலையில்லை. அப்போதுதான் தன் பழைய மோட்டார் சைக்கிளை வெளியே எடுப்பார். சுங்கை பஞ்சாங்கில் ஒரு நெல் கொட்டகையில் கிடந்ததை வாங்கி வந்திருந்தார். என்னைவிட வயதில் மூத்தது. இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர். இரண்டும் ஒத்துப்போகாது, ஒன்று இழுத்தால் மற்றது இருமும். அவர் கைப்பிடியை முறுக்கிக்கொண்டே இருப்பார்.

நான் தொழிற்கல்லூரியில் மோட்டார் பாடம் எடுத்துப் பாதியில் விட்டவன். ஒரு நாள் தூக்கம் கெட்டு எழுந்துபோய், அவர் கையிலிருந்த திருப்புளியை வாங்கினேன். இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும், விஷயம் அவ்வளவுதான். கேபிளைச் சமன் செய்து, திருகாணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒரே மூச்சில் ஓட வைத்தேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

அங்கேதான் தப்பு செய்தேன். நன்றாக ஓடும் மோட்டாரை யார் நிறுத்தி வைப்பார்கள்? முன்பு அரை மணி நேரம் முறுக்கியவர் இப்போது மத்தியானம்வரை முறுக்கினார். கூட்டாளிகளை அழைத்துக் காட்டினார். அவர் மனைவி பிரேமலா அக்கா எனக்குத் தோசை கொண்டுவந்து, "உங்க அண்ணன் என்னைக்கூட இப்படித் தொட்டுத் தொடைச்சதில்ல தம்பி" என்றார்.

சத்தத்தைப் பற்றி நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் நிறுத்தியிருப்பார், நல்ல மனிதர். ஆனால் களைத்துப்போனவனுக்கு வாயைத் திறப்பதும் ஒரு வேலை.

இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டும் என்று அவர்தான் கேட்டார். கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் ஜெட் இரண்டையும் சின்னதாக மாற்றினேன். பெட்ரோல் குறைந்தால் மோட்டார் முதலில் துள்ளும். இந்த வகை எஞ்சினுக்கு எண்ணெயும் பெட்ரோலோடுதான் போகும். ஆகவே அதுவும் குறைந்து சூடு ஏறும். நீண்ட ரோட்டில் முறுக்கினால் பிஸ்டன் வீங்கிப் பிடித்துக்கொள்ளும். அதோடு பின்சக்கரமும் நின்றுவிடும். அந்தப் பாடம் நடந்த அன்று நான் வகுப்பில் இருந்தேன்.

ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு அண்ணன் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்க வேண்டியது, சூட்டில் வெளுத்துச் சுண்ணாம்பாக இருந்தது.

"வெள்ளையா இருக்கே தம்பி?"

"சுத்தமா எரியுது அண்ணே."

"நீ கை வச்சா வச்சதுதான் லா" என்று தோளைத் தட்டினார்.

ஞாயிறு காலை அக்காவும் ஹெல்மெட்டோடு வெளியே வந்தார். ஜெராமுக்கு மீன் வாங்கப் போகிறார்களாம். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். கெம்போங் மீன் போதும் என்றேன். மோட்டார் சத்தம் முச்சந்திவரை கேட்டது, பிறகு இல்லை. தூங்கிவிட்டேன்.

ஜெராம் போகும் நேர் ரோட்டில் மோட்டார் பிடித்துக்கொண்டது. பின்னால் லோரி. அண்ணன் அங்கேயே போய்விட்டார். அக்கா இடுப்பும் காலும் உடைந்து பிழைத்துக்கொண்டார். பழைய மோட்டார், ஜாம் ஆகிவிட்டது என்று போலீஸ் எழுதிக்கொண்டு போனது.

மோட்டார் மட்டும் செத்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அதை மட்டும் சாகடிக்க, நிறுத்தி வைத்திருக்கும்போதே பெட்ரோல் டாங்கியில் ஒரு கை சீனியைப் போட்டால் போதும் என்பதும் எனக்குத் தெரியும்.

அக்கா இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். காலையில் வலி தொடங்கும். மத்தியானம்வரை அழுவார். சுவர் மெல்லிய சுவர். மாத்திரை எடுத்துக் கொடுக்கக்கூட ஆளில்லையே என்று, காலையில் வேலைக்குப் போய்விடும் என் அம்மா வருத்தப்பட்டாள். வேலை முடிந்து வந்ததும் நானே கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பாவம், அவருக்கும் தூக்கம் வேண்டும்.

அளவு பார்த்துக் கொடுப்பது எனக்குப் பழகிய வேலைதான்.