போலந்தில் லாரி ஓட்டும் புருஷன்

— ஸ்டேஷனுக்கு வேணாம் மேஸ்திரி. வண்டியைத் திருப்புங்க.

— திருப்பினா மறுபடி நம்ம பட்டாளக் கம்பெனிக்குத்தான் போகும். உன்னைக் கிரமதோர்ஸ்க்ல ரயிலேத்தி விட்டுட்டு வரச் சொல்லி எனக்கு உத்தரவு, பாத்துக்க.

— கம்பெனிக்குத்தான் போகணும். கேப்டனை நேர்ல பாக்கணும். மாத்தல் உத்தரவை ஆள்கிட்ட குடுத்தனுப்பிட்டு, அவர் பதுங்குகுழிக்குள்ள போய் உக்காந்துக்கிட்டார். ரெண்டு வருஷமா அவர் கம்பெனில அடிபட்டவனையெல்லாம் நான்தான் தூக்கிட்டு வந்து கட்டுப் போடுறேன். என் மூஞ்சியப் பாத்து "போ"ன்னு ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வாய் வரல.

— லிவிவ்ல பயிற்சி முகாம். புதுசா வர்ற பசங்களுக்கு முதலுதவி சொல்லிக் குடுக்கப் போற. கட்டில் இருக்கு, வெந்நீர் இருக்கு. ரஷ்யாக்காரன் குண்டு அங்க தினமும் வராது. எனக்கு அந்த உத்தரவு வந்திருந்தா இந்த வண்டிக் கூரை மேல ஏறி ஆடியிருப்பேன்.

— உங்களுக்கு வந்திருந்தா வயசாயிடுச்சுன்னு எழுதியிருப்பாங்க. எனக்கு என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? "பிரிவின் ஒற்றுமை கருதி."

— கேப்டன் படிச்சவர். அவர் பாஷை அப்படித்தான் இருக்கும்.

— நீங்க சுவர் எழுப்புறவர். உங்க பாஷையில சொல்லுங்க. நம்ம ஒற்றுமை எங்க இடிஞ்சுது?

— நீ டிவியில சொன்னியே, அங்க.

— என்ன சொன்னேன்? அந்த நிருபர் பொண்ணு வரிசையா எல்லாரையும் கேட்டா, வீட்ல யார் காத்துக்கிட்டு இருக்காங்கன்னு. நீங்க உங்க சம்சாரம் ஸ்டெஃபானியான்னு சொன்னீங்க. அதோட விட்டீங்களா? கோஸ் இலையில அவங்க எவ்வளவு அரிசி வெப்பாங்க, எவ்வளவு கறி வெப்பாங்க, எப்படி மடிப்பாங்க, எல்லாம் சொன்னீங்க. கேமராக்காரன் கொட்டாவி விட்டான். அப்புறம் என்கிட்ட வந்தா. யரீனான்னு சொன்னேன். யாருன்னா. என் வீட்டுக்காரி, வின்னிட்சியாவுல மருந்துக்கடை வெச்சிருக்கான்னு சொன்னேன். அவ்வளவுதான்.

— அதுக்கு முந்தி ரெண்டு வருஷம் உனக்குப் போலந்துல ஒரு புருஷன் இருந்தான், பாத்துக்க. லாரி ஓட்டினான்.

— மைரோன்.

— மைரோன். அவனுக்கு முதுகு வலின்னு நீ சொன்னதைக் கேட்டு, எங்க ஊர்ல சொல்லிவிட்டுக் கரடிக் கொழுப்புத் தைலம் வரவழைச்சேன். அது யார் முதுகுக்குப் போச்சு?

— யரீனா முழங்காலுக்கு. நல்லாக் கேக்குதுன்னு சொன்னா.

— நீ சிரிக்கிற. எனக்கு அன்னைக்குப் பூரா சோறு இறங்கல. நீ அப்படிப்பட்டவன்னு தெரிஞ்சதால இல்ல. அது சாமிக்கும் உனக்கும் உள்ள விவகாரம். ஒரே குழியில, ஒரே கம்பளியில கிடந்துட்டு, முகத்துக்கு நேரா ரெண்டு வருஷம் பொய் சொல்லியிருக்கியே, அதுக்குத்தான்.

— பொய் சொன்னதுக்கு நீங்க கோவிச்சுக்கிறீங்க. உண்மையைச் சொன்னதுக்குக் கேப்டன் மாத்தல் போடுறார். நான் எதைத்தான் சொல்றது?

— ஒண்ணும் சொல்லாம இருந்திருக்கலாம்.

— இருக்க விட்டீங்களா? குண்டு விழாத நேரத்துல நம்ம குழியில வேற என்ன பேச்சு? மைரோன் ஏன் லீவுல வரல, மைரோன் புள்ள வேணாங்குறானா, மைரோனுக்கு அங்க வேற எவளாவது இருக்காளா. ஒரு பொய்க்கு ஒன்பது பொய் முட்டுக் குடுக்கணும். ஜூலையில குழி இடிஞ்சு நான் மண்ணுக்குள்ள மாட்டினேனே, ஞாபகம் இருக்கா?

— கையால தோண்டினேன். நகம் இன்னும் சரியா வளரல.

— உள்ள கிடக்குறப்ப எனக்கு என்ன யோசனை ஓடுச்சு தெரியுமா? நான் செத்தா மேஸ்திரி மைரோனுக்குத் தகவல் சொல்லணும்னு போலந்து பூரா விசாரிப்பார். யரீனா கடையில நின்னு யாருக்கோ இருமல் மருந்து குடுத்துக்கிட்டு இருப்பா. அவகிட்ட யாரும் சொல்ல மாட்டாங்க. அங்கேயே முடிவு பண்ணினேன், வெளிய வந்தா முதல் வேலையா மைரோனைச் சாகடிச்சுடணும்னு.

— அதை என்கிட்ட மட்டும் வந்து சொல்லியிருக்கலாம்ல. நாடு பூராவுக்குமா சொல்லணும்?

— நீங்க மட்டும் ஸ்டெஃபானியாவைப் பத்தி ரகசியமாத்தான் பேசுவீங்களா?

— சரி, பெட்ரோல் பங்க் வருது. ரயிலுக்கு நேரம் இருக்கு. காப்பியும் ஹாட் டாக்கும் வாங்கிட்டு வர்றேன். இறங்கி ஓடிடாதே.

— கடுகு சாஸ் நிறையப் போடச் சொல்லுங்க.

— இந்தா. சூடா இருக்கு, மெதுவாத் தின்னு. நான் ஒண்ணு சொல்லவா? கோவிச்சுக்கக் கூடாது.

— சொல்லுங்க.

— உன் விஷயம் தெரிஞ்ச மறுநாளே நம்ம குழிப் பையன் கொக்கு தட்டைத் தூக்கிக்கிட்டுத் தனியாப் போய் உக்காந்தான். பக்கத்துல படுக்கிறவன் மேல மனசுல ஒரு கல்லு கிடந்தா, ராத்திரி அவனுக்காக எழுந்து ஓடுவானா? ஒரு கேப்டன்னா அதுக்கும் பயப்படணும்ல. தப்புன்னு சொல்ல முடியல.

— அந்தக் கொக்கு தொடையில இரும்புச் சில்லு பாஞ்சப்ப யார் ஓடினது?

— நீதான். அதைச் சொல்லித்தான் அவனை ஆஸ்பத்திரியில வெச்சுத் திட்டினேன், நன்றி கெட்டவனேன்னு.

— திட்டாதீங்க. அவனுக்கு என்னைப் பிடிக்கணும்னு நான் கட்டுப் போடல. ஸ்ட்ரெச்சர்ல தூக்கினப்பவும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். திருப்பிக்கட்டும். ரத்தம் நின்னுச்சு, என் வேலை முடிஞ்சுது. நான் வெளிய போறப்ப அவன் துப்பாக்கியோட காவல் நின்னா அவன் வேலை முடிஞ்சுது. நம்ம சமையல்காரனை ஒருத்தனுக்கும் பிடிக்காது. அவனுக்கு யாராவது மாத்தல் போட்டாங்களா?

— போடச் சொல்லி நான் ரெண்டு தடவை கேட்டேன்.

— மேஸ்திரி.

— சரி சரி. ஆனா நீ முரட்டுப் பொம்பள. காஞ்சொறின்னு உனக்குப் பேர் வெச்சவன் சரியாத்தான் வெச்சான். தொட்டவனுக்கு எரியும். இதே மாதிரி ஒரு சின்னப் பையன் நம்மகிட்ட வந்தான்னு வெச்சுக்க. உன்னைப் பாத்து அவனும் வாயைத் திறப்பான். அவனை அடிச்சுத் தூக்கிப் போட்டுட்டா?

— அதுக்குத்தான் நான் இங்கிருந்து போகக் கூடாது. நான் இருந்தா அவனுக்கு ஒரு ஆள் இருக்கும். நான் போனா அவனுக்கு என்ன சேதி? வாயைத் திறந்தா மூட்டை கட்டணும்னு சேதி. அப்புறம் அவனும் போலந்துல ஒரு பொண்டாட்டி தேடுவான்.

— போர் முடியட்டும். முடிஞ்சப்புறம் எல்லாத்தையும் பேசித் தீத்துக்கலாம்.

— அது முடியுறப்ப நான் உயிரோட இருப்பேன்னு எழுதித் தர்றீங்களா?

— இல்ல.

— அப்ப இப்பவே பேசணும். யார் கேப்டன்கிட்ட போய் என்னை மாத்தச் சொன்னது? கொக்குவா?

— கொக்கு ஆஸ்பத்திரியில கிடக்கான்.

— நம்ம குழியில வேற யாராவதா?

— பசங்க யாரும் இல்ல. உன்னை அனுப்புறாங்கன்னு கேள்விப்பட்டதும் அவனுங்க ஒருத்தன் விடாம கேப்டன் முன்னாடி போய் நின்னானுங்க. வேற மருத்துவர் வேணாம்னு சொன்னானுங்க. கேப்டன் கத்தி விரட்டினார்.

— அப்ப நீங்களா?

— என்னைப் பாத்தா அப்படியா தெரியுது? உனக்குப் பிடிக்காத எதையாவது நான் உன் மூஞ்சிக்கு நேராச் சொல்லாம இருந்திருக்கேனா?

— இல்ல. மன்னிச்சுக்கங்க. ஆனா உங்களுக்குத் தெரியும். யாருன்னு உங்களுக்குத் தெரியும்.

— கேப்டனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.

— சரி. நடந்தே போய் அவர்கிட்ட கேட்டுக்கிறேன்.

— கதவைச் சாத்து. பையைக் கீழ வை. குண்டு விழுற ரோட்ல நடக்கப் போறாளாம். பையை வைன்னு சொல்றேன்ல. யரீனா.

— என்ன யரீனா?

— உன் யரீனாதான் கேட்டா. போன வாரம் கேப்டனுக்குப் போன் பண்ணினா. நான் பக்கத்துலதான் நின்னேன்.

— பொய்.

— பொய் சொல்லிப் பழகினது நீ. நான் இல்ல.

— போனைக் குடுங்க, என்னதுல சார்ஜ் இல்ல. ஸ்பீக்கர்ல போடுறேன், நீங்களும் கேளுங்க. யரீனா? நான்தான் பேசுறேன். மேஸ்திரியும் கேட்டுக்கிட்டு இருக்கார். நீ கேப்டன்கிட்ட பேசினியா?

— பேசினேன் சொலோமியா.

— என்னன்னு?

— உன்னை எப்படியாவது அங்கிருந்து அனுப்பிடச் சொல்லி. முதல்ல அவர் போனை எடுக்கல. அப்புறம் மருந்து அனுப்புறது பத்திப் பேசணும்னு சொல்லி அவங்க ஆபீஸ் வழியாப் பிடிச்சேன். கெஞ்சினேன். வெக்கமில்லாமக் கெஞ்சினேன்.

— நான் எதுக்காக டிவியில வாயைத் திறந்தேன்னு உனக்குத் தெரியும். பொய்யில்லாம அங்க நிக்கணும்னு. நீயே என் காலை வாரி விட்டியே.

— ஜூலையில நீ மண்ணுக்குள்ள கிடந்ததை என்கிட்ட சொன்னியா?

— அது உனக்கு யார் சொன்னது?

— ஸ்டெஃபானியா. டிவியில பாத்துட்டு என் கடை நம்பரைத் தேடிப் பிடிச்சு, உங்க கம்பெனிப் பொண்டாட்டிமார் குரூப்புல என்னைச் சேத்துவிட்டாங்க. அங்கதான் தெரிஞ்சுக்கிட்டேன். மேஸ்திரி தோண்டினது, உனக்கு மூச்சு நின்னது, எல்லாம். அன்னைக்குச் சாயங்காலம் நீ எனக்குப் போன் பண்ணின. இங்க நல்ல மழை, பொழுதே போகலன்னு சொன்ன.

— நீ பயப்படுவேன்னுதான்.

— மேஸ்திரிகிட்டயும் வேற ஏதோ நினைச்சுத்தான மைரோனைச் சொன்ன? ஊருக்கெல்லாம் உண்மை சொல்லணும்னு டிவியில உக்காந்த. எனக்கு மட்டும் மழை பெய்யுதா?

— யரீனா.

— சொல்லு.

— நான் செஞ்சது தப்பு. இனிமே எது நடந்தாலும் முதல்ல உன்கிட்டதான் சொல்வேன். நீ அழுதாலும் சொல்வேன். ஆனா நான் லிவிவுக்குப் போகல. இப்ப திரும்பிப் போய் உத்தரவை அவர் கையில குடுத்துடுறேன். எனக்கு வரவேண்டிய லீவைக் கேட்டு வாங்கிக்கிட்டு உன்கிட்ட வர்றேன். லீவு முடிஞ்சதும் மறுபடி இங்கதான் வருவேன். யாருக்கும் தெரியாம இல்ல. உன் வீட்டுக்காரியா.

— தெரியும். டிவியில உன் முகத்தைப் பாத்தப்பவே தெரியும். இருந்தாலும் ஒரு தடவை கேட்டுப் பாத்துடணும்னு இருந்துச்சு.

— இன்னொரு தடவை கேக்காதே.

— கேக்க மாட்டேன். தைலம் தீந்து போச்சு, மேஸ்திரிகிட்ட சொல்லு.

— அவர் காதுல விழுந்துச்சு. வெக்கிறேன். மேஸ்திரி, கண்ணைத் துடைச்சுட்டு வண்டியை எடுங்க.

— புகை. முன்னாடி போற லாரிப் புகை.

— ரோட்ல லாரியே இல்ல.

— சரி விடு. திருப்புறேன். உன்னை ஏன் கூட்டிட்டு வந்தேன்னு கேப்டன் என்னைத் தூக்கிப் போட்டு மிதிக்கப் போறார், பாத்துக்க.

— அவர்கிட்ட நான் பேசிக்கிறேன். ஆனா எனக்கு ஒண்ணு புரியல. ஒரு மாசமா என்னை நிமிந்து பாக்காத மனுஷன். எந்தப் பொண்டாட்டி போன் பண்ணி அழுதாலும் அவர் மசிய மாட்டார். ஸ்டெஃபானியா உங்களுக்காகக் கேட்டப்பக்கூட, ஊர்ப் பொம்பளைங்க சொல்றதைக் கேட்டா என்கிட்ட ஒரு ஆளும் மிஞ்ச மாட்டான்னு போனை வெச்சுட்டார். யரீனா சொன்னதுக்கு மட்டும் ஏன் தலையாட்டினார்? என் தொல்லை ஒழியட்டும்னுதான?

— நானும் அதையேதான் அவர்கிட்ட கேட்டேன். போனை மேசை மேல வெச்சார். அப்புறம் சொன்னார்: "மத்தவங்க செத்தா, கொடியை மடிச்சு அவங்க பொண்டாட்டி கையில குடுக்கலாம்னு சட்டம் இருக்கு. இந்தப் பொண்ணுக்குக் குடுக்க என்கிட்ட ஒண்ணுமே இல்ல மேஸ்திரி, காஞ்சொறியை உயிரோட குடுக்கறதைத் தவிர."