மல்காஸ் தாழிக்குள் இருக்கிறார்

— பாட்டை ஏன் நிறுத்திட்ட, மல்காஸ்? உயிரோட இருக்கியா?

— இருக்கேன் அம்மணி. மண்ணுல புதைச்ச தாழியில ரெண்டு ஆள் ஆழத்துல நின்னு தேய்க்கிறவன் கொஞ்சம் மூச்சு வாங்கக் கூடாதுங்களா?

— தாராளமா வாங்கு. வாயை மட்டும் மூடாத. போன வருஷத்து ஒயின் வாயு அடியில தங்கி எத்தனை பேரைச் சாச்சிருக்கு. சத்தம் நின்னா கயித்தை இழுத்துடுவேன்.

— மெழுகுவத்தியை விட்டுப் பாத்துட்டுத்தானே இறங்கினேன். அணையலைங்களே.

— மெழுகுவத்தி போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம். பேசு. காக்கேத்தி பூரா தாழி கழுவிட்டு வர்றவன் நீ, நாலு ஒயின்கூடத்துக் கதையைச் சொல்லேன்.

— கேளுங்க. போன வாரம் குர்ஜானியில ரமாஸ் வீட்டுல வேலை. வாசல்ல பலகை மாட்டியிருக்கான், ஐநூறு வருஷத்துத் தாழின்னு. உள்ள இறங்கித் தடவிப் பாத்தா, குயவன் கைரேகைகூட இன்னும் தேயலை. மிஞ்சிப் போனா அஞ்சு வருஷம்.

— அவன்கிட்டச் சொன்னியா?

— சொன்னேங்க. வெளிநாட்டுக்காரங்க உள்ள இறங்கியா பாக்கப் போறாங்க, பேசாம சாப்பிடுன்னு ஒரு தட்டு கறிக்கொழுக்கட்டையை நீட்டினான்.

— சாப்பிட்டியாக்கும்.

— இருபது. ஆனா கேட்டவங்ககிட்ட எல்லாம் உள்ளதைத்தான் சொன்னேன். கொழுக்கட்டை வேற, தொழில் வேற. தாழி விஷயத்துல இவன் பொய் சொல்லுவான்னு ஒரு தடவை பேர் வந்துட்டா, இந்தப் பள்ளத்தாக்குல எவனும் என்னைக் கூப்பிட மாட்டான்.

— அது தெரிஞ்சுதான் உன்னைக் கூப்பிட்டேன். கொடியில பழம் இன்னும் இனிக்கக்கூட ஆரம்பிக்கலை, இப்பவே ஏன் வரச் சொன்னேன்னு நீ கேக்கவே இல்லையே?

— கேக்கணும்னு நினைச்சேன். கூச்சமா இருந்துச்சு.

— உனக்கு எதுலதான் கூச்சம் இல்ல. இந்த இடத்தை விக்கிறேன், மல்காஸ். திபிலிசிக்காரர் ஒருத்தர், ஓட்டல் கட்டப் போறாராம். வியாழக்கிழமை கையெழுத்து. அப்புறம் நான் பத்தூமியில அக்கா வீட்டோட போயிடுவேன். ஒண்டிக்கட்டையா எத்தனை வருஷம் இதைக் காவல் காக்கிறது?

— ...

— மல்காஸ்! கயித்தை இழுக்கட்டுமா?

— வேண்டாம். இருக்கேன். கேளுங்க, தெலாவியில இப்படித்தான் ஒரு இடத்தை ஓட்டலாக்கினாங்க. தாழிக்குள்ள பச்சை விளக்கு. மேல கண்ணாடி. அது மேல நாற்காலி போட்டு உக்காந்து பீர் குடிக்கிறாங்க.

— ஒயின்கூடத்துல பீரா?

— பீருங்க. அங்க நான் கழுவப் போகலை, கண்ணாடி துடைக்க வேற ஆள் வெச்சிருக்காங்க. உங்க தாழிக்கு அந்தக் கதி வேணுங்களா? இதுல என்னென்னமோ இருக்கு. இங்க பாருங்க, மெழுகுப் பூச்சுக்கு அடியில யாரோ ஒரு வாத்து கீறி வெச்சிருக்காங்க.

— வாத்து இல்ல. அது அந்தக் காலத்துக் கட்சிச் செயலாளர்.

— கழுத்து நீளமா இருக்குதே.

— ஆளே அப்படித்தான் இருப்பாராம். குடியை ஒழிக்கிறோம்னு மாஸ்கோவுல கிளம்பினாங்களே, அப்ப அவர்தான் ஆள் கூட்டிட்டு வந்து கொடியெல்லாம் வெட்டினது. எங்க தாத்தா சபெராவித் திராட்சைப் போத்து நாப்பதை ஈரச் சாக்குல சுத்திக்கிட்டு இந்தத் தாழிக்குள்ள இறங்கிட்டார். ரெண்டு நாள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கூடையில இறக்கினாங்களாம். பொழுது போகாம ஆணியால அவரை வரைஞ்சிருக்கார். இன்னிக்கு வெளியில நிக்கிற கொடி அத்தனையும் அந்த நாப்பதுலேர்ந்து வந்ததுதான்.

— இவ்வளவையும் வெச்சுக்கிட்டு விக்கிறேங்கிறீங்களே அம்மணி.

— போதும் போ, நீ எனக்குச் சொல்ல வந்துட்ட. வேலையைப் பாரு. அந்தாளு ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருக்கார். பெரிய தாழியில விரிசல் இருந்தா இடமே வேண்டாமாம். மல்காஸ் இல்லைன்னு சொன்னாப் போதும், வேற சான்றிதழே கேக்க மாட்டேன்னுட்டார். சொல்லு, விரிசல் இருக்கா?

— இன்னும் தேய்ச்சு முடிக்கலைங்க.

— ஒரு மணி நேரமா தேய்க்கிற. இருக்கா, இல்லையா?

— இருக்கு.

— எங்க?

— அடியில. ஒரு முழத்துக்கு ஓடுது. விரல் நுழையும்.

— போன வருஷம் இல்லையே.

— போன வருஷம் இல்லைங்க. பூமி அசைஞ்சிருக்கும்.

— வசந்தத்துல தொறந்தப்ப ஒரு சொட்டு குறையலையே.

— அதுக்கப்புறம் அசைஞ்சிருக்கும்.

— இதையே அந்தத் திபிலிசிக்காரர்கிட்டயும் சொல்லுவியா?

— எழுதியே தர்றேன்.

— சரி. அப்ப காலையிலேர்ந்து நான் இறக்கிவிட்ட ஆறு வாளித் தண்ணி எங்க போச்சு?

— முழங்கால் வரைக்கும் நிக்குதுங்க.

— விரல் நுழையிற விரிசல்ல ஒழுகாத தண்ணி. நல்ல தண்ணி. ரமாஸுக்கு இருபது கொழுக்கட்டைக்கு விக்காத வாயை எனக்கு எதுக்குடா கெடுத்துக்கிட்ட? நாளைக்கு வேற ஒருத்தன் இறங்கிப் பாத்தா உன் பிழைப்பு என்னாகும்?

— போகட்டும். கேளுங்க. ஏழு வருஷமா இங்க வர்றேன், வருஷத்துக்கு மூணு நாள். மிச்ச நாளெல்லாம் அந்த மூணு நாள் வர்ற வரைக்கும் ஊரான் தாழியைத் தேய்க்கிறேன், அவ்வளவுதான். நீங்க பத்தூமிக்குப் போயிட்டா நான் எதுக்கு அடுத்த வருஷம் கயித்தைத் தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்பணும்? உங்களைப் பிடிச்சிருக்கு, நதேலா. போகாதீங்க. தாழியில விரிசல் இல்ல, நல்லா இருக்கு. விக்கிறதுன்னா வித்துக்குங்க, நான் குறுக்க நிக்கலை. ஆனா இதைச் சொல்லாம மேல வர முடியலை.

— சொல்லியாச்சில்ல. ஏறி வா.

— மாட்டேன். உங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?

— அப்ப அங்கேயே நில்லு. எனக்கும் உன் மூஞ்சியைப் பாக்காமச் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. திபிலிசிக்காரர்னு யாரும் இல்ல, மல்காஸ். இந்த வருஷமும் வாயைத் தொறக்காமக் கூலியை வாங்கிட்டுப் போயிடுவியேன்னு நான்தான் அவரை உண்டுபண்ணினேன்.